ஆறுதல் பெற்ற அன்னை, ஆலோசனை தந்த அன்னை



கணவரை இழந்த ஒரு பெண்மணியின் இல்லத்திற்கு நாம் செல்கின்றோம். ஜனாஸா நல்லடக்கம் முடிந்துவிட்டது. சபூர் செய்யுங்கள் என்று ஒரு சொல் சொல்கின்றோம், திரும்பி விடுகின்றோம். மூன்று நாட்கள் வாசலில் செருப்புகள் நிறைந்து கிடக்கின்றன. நான்காம் நாள் அவ்வாசல் வெறிச்சோடிப் போகின்றது.

நீலகிரி மலையில் கோத்தகிரிக்கு அருகே, மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் அமைந்திருக்கும் அரவேணு போன்ற ஊராயின் நிலைமை இன்னும் கடினமானது. உற்றார் உறவினர் பலரும் மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ இருப்பர். மாலைப் பேருந்தைப் பிடித்து அவர்கள் இறங்கிச் சென்றபின், பனி மூடிய இரவில் பிள்ளைகளுடன் தனித்திருக்கும் அப்பெண்மணியின் உள்ளத்தில் எத்தனை எத்தனை கேள்விகள் எழும்! நாளை அடுப்பு எரிவது எங்ஙனம்? பிள்ளைகளுக்கு இனிப் பொறுப்பாளர் யார்? நான் அழுவது பாவமா? இத்தாக் காலத்தில் தேயிலை பறிக்கச் செல்லலாமா? மறுமணத்தைப் பற்றி எண்ணுவதும் குற்றமா? இவற்றையெல்லாம் யாரிடம் சென்று கேட்பது?

சபூர் என்பது உயர்ந்த சொல், அதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஒரு சொல்லைக் கொண்டு துயருற்றவளின் வாயை அடைத்துவிடுவது ஆறுதல் ஆகுமா? இக்கேள்விக்கு விடை காண, ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் மதீனா நகரில் கணவரை இழந்து நின்ற ஒரு பெருமாட்டியின் வரலாற்றை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அவர்கள்தாம் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள்.

அன்னையாரின் இயற்பெயர் ஹிந்த். மக்காவின் குறைஷிக் குலத்தில் மக்ஸூம் கிளையைச் சேர்ந்த அபூ உமையா என்பாரின் அருமை மகளார். தம்முடன் பயணம் செய்வோர் எவரும் கட்டுச்சோறு கொண்டுவர விடாமல் அனைவருக்கும் தாமே உணவளித்து வந்த கொடையாளி அவர். பிரயாணிகளின் கட்டுச்சோறு என்ற பொருள்படும் பட்டப்பெயரே அவருக்கு வழங்கி வந்தது. அத்தகைய செல்வ மனையில் பிறந்த அன்னையார், அதே கிளையைச் சேர்ந்த அப்துல்லாஹ் இப்னு அப்துல் அஸத் என்னும் அபூ ஸலமா (ரலி) அவர்களை மணந்தார்கள். அபூ ஸலமா அவர்களோ நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மாமி மகன். பால்குடிச் சகோதரரும் ஆவார்கள்.

தம்பதியர் இருவரும் தொடக்க நாட்களிலேயே இஸ்லாத்தைத் தழுவினர். மக்காவாசிகளின் கொடுமை பொறுக்கவியலாது போகவே, கி.பி. 615ஆம் ஆண்டளவில் அபிசீனியாவுக்கு நாடு துறந்து சென்றோரில் அவ்விருவரும் இருந்தனர். பின்னர் மக்கா திரும்பிய அவர்களுக்கு அமைதி கிட்டவில்லை. மதீனா செல்லும் நோக்குடன் மனைவியையும் குழந்தை ஸலமாவையும் ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு அபூ ஸலமா (ரலி) அவர்கள் புறப்பட்டபோது, அன்னையாரின் பிறந்தகத்தார் ஓடிவந்து வழிமறித்தனர். எங்கள் பெண்ணை உம்முடன் ஊர் ஊராக அலைய விடமாட்டோம் என்று கூறி அன்னையாரைப் பறித்துக்கொண்டனர். அதுகண்டு வெகுண்ட கணவர் வீட்டார், அவ்வாறாயின் குழந்தை எங்களுடையது என்று பிள்ளையைப் பற்றி இழுத்தனர். அந்த இழுபறியில் பச்சிளம் பாலகனின் கை பிசகிற்று. கணவர் மதீனாவில், மகன் ஒரு வீட்டில், தாய் வேறொரு வீட்டில். ஒரு குடும்பம் ஒரே நாளில் மூன்று துண்டாகியது!

அன்று முதல் அன்னையார் ஒவ்வொரு நாளும் காலையில் ஊரின் புறத்தேயுள்ள அப்தஹ் பள்ளத்தாக்கிற்குச் சென்று அமர்ந்து மாலை வரை அழுதார்கள். ஒரு நாளன்று, இரு நாளன்று. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவ்வண்ணம் அழுதார்கள். இறுதியில் உறவினர் ஒருவரின் உள்ளம் இளகிற்று. அவர் குடும்பத்தாரிடம் வாதாடி அன்னையாருக்கு விடுதலை பெற்றுத் தந்தார். கணவர் வீட்டாரும் குழந்தையைத் திருப்பியளித்தனர்.

துணைக்கு ஆளின்றி, மகனை மடியில் ஏந்தி, ஒற்றை ஒட்டகத்தில் பாலைவனத்துள் புறப்பட்டார்கள் அன்னையார். தன்ஈம் என்னுமிடத்தில் உஸ்மான் இப்னு தல்ஹா என்பவர் அவர்களைக் கண்டார். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். ஆயினும் ஒரு பெண் தனியே செல்வதைக் காண அவருக்கு மனம் பொறுக்கவில்லை. ஒட்டகத்தின் கயிற்றைத் தம் கையில் பற்றி, மதீனாவின் எல்லையிலுள்ள குபா வரை நடந்தே வந்தார். தங்கும் இடந்தோறும் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து, அன்னையார் இறங்கும்வரை விலகி நின்று, பின் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தூரத்து மர நிழலில் படுத்துக்கொள்வார். குபாவில் கணவர் இருக்கும் ஊர் இதுதான் என்று காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். அவரைவிடக் கண்ணியமான வழித்துணையைத் தாம் கண்டதில்லை என்று அன்னையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். துணையற்ற பெண்ணுக்குத் துணை நிற்பது எவ்வாறு என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமா, வாசகர்களே? அவர் கை கொடுத்தார், கைம்மாறு கருதவில்லை, மதிப்புக்குக் குறைவு வராமல் விலகியும் நின்றார். அப்பெருந்தகையும் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவினார்கள்.

மதீனாவில் சேர்ந்த இன்ப வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. கி.பி. 624இல் பத்ருப் போரில் கலந்துகொண்ட அபூ ஸலமா (ரலி) அவர்கள், அடுத்த ஆண்டு உஹதுப் போரில் கையில் படுகாயமுற்றார்கள். ஒரு மாத வைத்தியத்தில் காயம் மேலுக்கு ஆறியது. ஹிஜ்ரி 4ஆம் ஆண்டு முஹர்ரம் மாதத்தில் ஒரு படைக்குத் தலைமை தாங்கிச் சென்று திரும்பியபோது, உள்ளே புரையோடியிருந்த புண் மீண்டும் வாய் திறந்தது. அதே ஆண்டு, கி.பி. 625இன் பிற்பகுதியில், அவர்கள் வபாத்தானார்கள்.

இனித்தான் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய பகுதி வருகின்றது. அந்தத் துயர இல்லத்திற்கு நபிபெருமானார் (ஸல்) அவர்கள் எங்ஙனம் ஆறுதல் அளித்தார்கள்?

முதலாவதாக, அவர்களே நேரில் வந்தார்கள். நிலைகுத்தித் திறந்திருந்த அபூ ஸலமாவின் கண்களைத் தம் கரத்தால் மூடினார்கள். வீட்டார் கதறத் தொடங்கியபோது, அவ்வேளையில் உங்களுக்கு நீங்களே கேடு வேண்டாதீர்கள், நன்மையையே வேண்டுங்கள், ஏனெனில் வானவர்கள் உங்கள் வேண்டுதலுக்கு ஆமீன் கூறுகின்றனர் என்று உணர்த்தினார்கள். பின்னர் அங்கேயே நின்று மறைந்தவருக்காகப் பிரார்த்தித்தார்கள். அவரது பாவம் மன்னிக்கப்படவும், பதவி உயரவும், கப்ரு விசாலமாகி ஒளி பெறவும் வேண்டியதோடு, அவர் விட்டுச்சென்ற குடும்பத்திற்கு இறைவனே பொறுப்பாளனாக இருக்க வேண்டும் என்றும் வேண்டினார்கள். மறைந்தவரோடு பின் தங்கியவர்களும் அந்தத் துஆவில் இடம்பெற்றதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவதாக, அழுகைக்கும் ஒப்பாரிக்கும் இடையே ஓர் எல்லையை வரைந்து காட்டினார்கள். அந்நிய மண்ணில் அந்நியராய் மறைந்த கணவருக்காக ஊரே பேசும்படி ஓர் அழுகை அழுதுவிட வேண்டும் என்று அன்னையார் எண்ணியிருந்தார்கள். கூடச் சேர்ந்து ஒப்பாரி வைக்க மதீனாவின் மேட்டுப்புறத்திலிருந்து ஒரு பெண்ணும் வந்துவிட்டாள். பெருமானார் அவளைத் தடுத்து, இறைவன் வெளியேற்றிய ஷைத்தானை மீண்டும் இவ்வீட்டுக்குள் அழைத்து வருகிறாயா என்று கேட்டார்கள். அன்னையார் ஒப்பாரியைக் கைவிட்டார்கள். ஆனால் கண்ணீரையே பெருமானார் தடை செய்ததாக எவரும் எண்ணிவிட வேண்டாம். தம் அருமைப் புதல்வர் இப்ராஹீம் மறைந்த வேளையில் அவர்களுடைய கண்களும் நீர் சொரிந்தனவன்றோ! கண் கலங்குவதும் உள்ளம் உருகுவதும் இறைவன் இயற்கையில் அமைத்த இரக்கம்.

மூன்றாவதாக, ஒரு துஆவைக் கற்றுத் தந்திருந்தார்கள். நாம் அனைவரும் இறைவனுக்குரியவர்கள், அவனிடமே மீள்பவர்கள் என்று ஒப்புக்கொண்டு, இத்துன்பத்திற்குரிய நற்கூலியையும் இழந்ததைவிடச் சிறந்ததையும் அவனிடம் கேட்பதே அப்பிரார்த்தனையின் சாரம். அன்னையார் அதை ஓதினார்கள். ஓதும்போதே, அபூ ஸலமாவைவிடச் சிறந்தவர் யார் இருக்க முடியும் என்ற எண்ணமும் அவர்கள் நெஞ்சில் எழுந்தது. அவ்வெண்ணத்தை அவர்கள் ஒளிக்கவில்லை. பிற்காலத்தில் வெளிப்படையாகவே அறிவித்தார்கள். ஈமான் நிறைந்த உள்ளத்திலும் துயரம் வினா எழுப்பும். எழுந்த வினாவோடு நின்றுவிடாமல் துஆவை ஓதி முடித்தார்களே, அதுவன்றோ சபூர்!

அபூ ஸலமா (ரலி) அவர்களும் தாம் உயிருடன் இருந்த நாளிலேயே, தமக்குப் பின் தம் மனைவிக்குத் துன்பம் இழைக்காத, தம்மைவிடச் சிறந்த ஒரு துணைவர் வாய்க்க வேண்டும் என்று துஆச் செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நான் போனபின் நீ இன்னொரு வாழ்வு வாழக்கூடாது என்று விலங்கிடும் அன்பு அன்று அது.

இத்தா நிறைவுற்றது. ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் மணம் பேச ஆளனுப்பினார்கள், அன்னையார் மறுத்துவிட்டார்கள். ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களும் பேசினார்கள், அதற்கும் இசையவில்லை. சமுதாயத்தின் தலைசிறந்த இருவருக்கே மறுப்புக் கூறும் உரிமை ஒரு கைம்பெண்ணுக்கு இருந்தது. அதனை எவரும் குறை கூறவில்லை. பின்னர் நபிபெருமானாரே மணத்தூது அனுப்பினார்கள். அப்போதும் அன்னையார் உடனே தலையசைத்துவிடவில்லை. தம் உள்ளத்திலிருந்த மூன்று தயக்கங்களை எடுத்துரைத்தார்கள். தாம் ரோஷ உணர்வு மிகுந்தவர், வயது முதிர்ந்தவர், பிள்ளைகள் பல உடையவர்.

பெருமானார் அம்மூன்றையும் செவிமடுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடையளித்தார்கள். ரோஷ உணர்வு நீங்க இறைவனிடம் வேண்டுவதாகக் கூறினார்கள். வயதில் தாமே மூத்தவர் என்றார்கள். பிள்ளைகளின் பொறுப்பு இறைவனையும் அவன் தூதரையும் சார்ந்தது என்று உறுதி கூறினார்கள். சிந்தியுங்கள் வாசகர்களே! அச்சத்தை அச்சமாகவே சொல்லும்படி விட்டு, கேட்டு, ஒவ்வொன்றாய்த் தீர்த்து வைப்பது. இக்காலத்தார் மனநல ஆலோசனை என்று பெயரிட்டு அழைக்கின்றார்களே, அதன் உயிர்நாடி இதுவேயன்றோ?

ஹிஜ்ரி 4ஆம் ஆண்டு ஷவ்வால் மாதத்தில் திருமணம் நடந்தேறியது. ஏழைகளின் தாய் எனப் புகழ்பெற்று, சிறிது காலத்திற்கு முன் மறைந்திருந்த அன்னை ஸைனப் பின்த் குஸைமா (ரலி) அவர்களின் அறையே புதிய மனையாயிற்று. அங்கே ஒரு சாடியில் சிறிது வாற்கோதுமை இருந்தது. ஒரு திரிகை இருந்தது. ஒரு சட்டி இருந்தது. செல்வர் மகளான அன்னையார் அன்றிரவே தம் கையால் மாவரைத்து உணவு சமைத்தார்கள்.

பிள்ளைகளைப் பற்றிய வாக்குறுதி வெறும் சொல்லாய்ப் போனதா? இல்லை. ஸலமா, உமர், துர்ரா, ஸைனப் ஆகிய நால்வரும் நபியவர்களின் அரவணைப்பில் வளர்ந்தனர். உணவுத் தட்டில் அங்குமிங்கும் கையோட்டிக்கொண்டிருந்த சிறுவர் உமருக்கு, பிஸ்மில் கூறி, வலக்கையால், தனக்கு அருகிலிருப்பதை உண்ணும்படி பெருமானார் கற்றுக்கொடுத்த நிகழ்ச்சியை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. இன்று நம் குழந்தைகளுக்கு நாம் சொல்லித்தரும் அந்த ஒழுக்கம், தந்தையை இழந்த ஒரு பிள்ளையைத் தம் தட்டிலேயே அமர்த்தி ஊட்டிய இடத்தில் பிறந்தது! அபூ ஸலமாவின் பிள்ளைகளுக்காகத் தாம் செலவிடுவதற்கு நன்மை உண்டா என்று அன்னையார் ஒருமுறை கேட்டார்கள். செலவிடுவதற்கெல்லாம் நற்கூலி உண்டு என்றே விடை கிடைத்தது. முதற் கணவரின் பெயரை அவ்வீட்டில் உச்சரிக்கத் தடையேதும் இருந்ததில்லை.

ஆறுதல் பெற்ற அந்த உள்ளம் பின்னர் என்ன செய்தது என்று பாருங்கள். ஹிஜ்ரி 6, அதாவது கி.பி. 628. உம்ராச் செய்யும் நோக்குடன் சென்ற ஏறத்தாழ 1,400 தோழர்கள் ஹுதைபிய்யாவில் தடுத்து நிறுத்தப்பட்டனர். உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் நிபந்தனைகளால் தோழர்களின் உள்ளம் உடைந்து போயிருந்தது. எழுந்து குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு பெருமானார் மும்முறை கட்டளையிட்டும் ஒருவரும் எழவில்லை. வருத்தத்துடன் கூடாரத்தினுள் வந்த பெருமானாரிடம் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஒரு யோசனை கூறினார்கள். எவரிடமும் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே சென்று தங்கள் ஒட்டகத்தை அறுத்துவிட்டு, நாவிதரை அழைத்து முடி களைந்து கொள்ளுங்கள் என்றார்கள். பெருமானார் அவ்வாறே செய்தார்கள். கண்ட தோழர்கள் அனைவரும் எழுந்து பின்பற்றினர். இடிந்து போய் அமர்ந்திருப்போரைச் சொல்லால் எழுப்ப முடியாது, கூடச் செய்து காட்டித்தான் எழுப்ப முடியும் என்பதை, தாமும் ஒருநாள் இடிந்து அமர்ந்திருந்த அன்னையாரைவிட நன்கறிந்தவர் யார்?

பெருமானாரின் மறைவிற்குப் பின்னரும் பல்லாண்டுகள் வாழ்ந்த அன்னையார், மார்க்கச் சட்டங்களில் மேதையாக விளங்கினார்கள். முந்நூற்றுக்கும் மேற்பட்ட நபிமொழிகள் அவர்கள் வாயிலாக நமக்குக் கிடைத்துள்ளன. கருவுற்றிருக்கும்போது கணவரை இழந்தவளுக்கு இத்தா எப்போது முடிகிறது என்பதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கும் மற்றோர் அறிஞருக்கும் கருத்து வேற்றுமை எழுந்தபோது, அன்னையாரிடமே ஆளனுப்பிக் கேட்டனர். ஸுபைஆ என்ற பெண்மணி கணவர் மறைந்த சில நாட்களில் பிள்ளை பெற்றதையும், அத்துடன் அவர் மணம் புரியலாம் எனப் பெருமானார் அனுமதித்ததையும் எடுத்துக்காட்டி அன்னையார் தீர்ப்பை விளக்கினார்கள். கைம்பெண்களுக்கான சட்டம் ஒரு காலத்தில் கைம்பெண்ணாய் நின்றவரின் நாவிலிருந்தே தெளிவு பெற்றது! அவர்தம் மகளார் ஸைனபும் மதீனாவின் கற்றறிந்த மாதரசிகளுள் ஒருவராய்த் திகழ்ந்தார்கள். நபிமனைவியருள் இறுதியாக மறைந்தவர்கள் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களே என்பது பெரும்பான்மையோரின் கருத்து. கி.பி. 680ஐ ஒட்டி வபாத்தான அவர்கள் ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

இனி அரவேணுவின் அந்தப் பனி மூடிய வீட்டிற்கு மீள்வோம். அங்கு வாழும் சகோதரியின் கேள்விகளுக்கு இவ்வரலாறு விடை கூறவில்லையா?

அவளுடைய அடுப்பு எரிய வேண்டும். ஜஅஃபர் (ரலி) அவர்கள் முஃத்தாப் போரில் ஷஹீதானபோது, துயரில் மூழ்கிய அவ்வீட்டாருக்கு உணவு சமைத்து அனுப்புமாறு பெருமானார் பணித்தார்கள். துக்க வீட்டில் நாம் உண்பதன்று, துக்க வீட்டாருக்கு நாம் ஊட்டுவதே சுன்னத். இத்தாவின் காலம் நான்கு மாதம் பத்து நாட்கள்; கருவுற்றிருந்தால் பிரசவம் வரை. வேறு வருவாயற்றவள் பகலில் பிழைப்பின் பொருட்டு வெளியே சென்று இரவில் தன் இல்லம் திரும்ப மார்க்கச் சட்ட நூல்கள் இடமளிக்கின்றன. கொழுந்து பறித்தால்தான் கூலி என்ற நிலையிலுள்ள பெண்ணை அக்கம்பக்கத்தார் பழி பேசாமல், அறிந்த ஆலிமிடம் விளக்கம் பெற்றுத் தருவது கடமை.

அவளுடைய உரிமையை அவளுக்கு உரைக்க வேண்டும். கொடுபடாத மஹர் கணவரின் மீதுள்ள கடன். சொத்தைப் பங்கிடுமுன் அது தீர்க்கப்பட வேண்டும். பிள்ளைகள் இருப்பின் எட்டில் ஒரு பங்கும், இல்லையெனில் நான்கில் ஒரு பங்கும் மனைவிக்குத் திருமறை விதித்த வாரிசுப் பாகம். இதனை மறைப்போர் மறுமையில் பதில் கூறியாக வேண்டும்.

அரசின் உதவியை நாட அவளுக்கு வழிகாட்ட வேண்டும். தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியத் திட்டம் 1975இல் தொடங்கப்பட்டது. 2023இல் அத்தொகை மாதம் ரூ.1,200 ஆக உயர்த்தப்பட்டது. ஆதரவற்ற முஸ்லிம் பெண்களுக்கென மாவட்டங்களில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்களும் உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்திக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, வட்டாட்சியர் அலுவலகம் வரை துணை சென்று வருவது, உஸ்மான் இப்னு தல்ஹா ஒட்டகக் கயிறு பிடித்ததற்கு நிகரான தொண்டு.

அவளுடைய உள்ளத்தையும் கேட்க வேண்டும். உறக்கம் அற்று, உணவு வெறுத்து, வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் தலைதூக்குமானால், அதனை ஈமானின் குறைவு என்று இகழாதீர்கள். உடற்காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதுபோல் மனக்காய்ச்சலுக்கும் நாடலாம். 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையில், 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். மலைமேல் தனித்திருப்பவளுக்கு அதுவும் ஒரு கதவு.

ஆகவே, அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! அடுத்த முறை அத்தகைய இல்லத்திற்குச் செல்லும்போது, சபூர் என்று கூறிவிட்டு எழுந்துவிடாதீர்கள். சற்று அமருங்கள். உன் அச்சங்கள் யாவை என்று கேளுங்கள். நான்காம் நாளும் செல்லுங்கள். நாற்பதாம் நாளும் செல்லுங்கள். இன்று நீங்கள் தேற்றிவிடும் அப்பெண்மணி, நாளை உங்கள் ஊருக்கே நல்வழி கூறும் ஆலோசகியாகத் திகழக்கூடும்.

துணை இழந்தோருக்குத் துணையாகவும், தந்தை இழந்தோருக்குப் பொறுப்பாளர்களாகவும் நம்மை ஆக்கி வைக்க வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.